டீச்சர் எடுக்காத பாடம்

தெருவில் எல்லோருக்கும் அவர் ஜெராக்ஸ்காரர். கடைப் பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தது. அதை அண்ணாந்து பார்த்தவர்கள் குறைவு. இரண்டு பிரதி மெஷின்கள், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் பெட்டி, ஓரம் நைந்த ஒரு கவுன்ட்டர். கடையின் பின்பக்கத்தில் ஒரு கதவு, அதைத் திறந்தால் வீடு. ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை, இரண்டுக்கும் நடுவே ஒரு மேசை போடுகிற அளவுக்கு இடம். அந்த மேசைதான் அவர் மகளுக்குப் பள்ளிக்கூடம்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. பென்சிலைக் கடித்துத் துப்புகிற பழக்கம் இருந்ததால் எலி என்று பெயர் விழுந்தது. வைத்தவள் அம்மா. பிறகு தெருவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது.

அந்த வருடம் எலிக்கு ஓர் அறிவியல் கோர்ஸ் வாங்க வேண்டியிருந்தது. வீட்டிலிருந்தே படிக்கிற நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கென்று அப்படிப்பட்ட கோர்ஸ்கள் இருக்கின்றன. இயற்பியல், வேதியியல், உயிரியல், பூமி, வானம் என்று எல்லாவற்றிலும் ஒரு வாய் ருசி காட்டிவிட்டு, எது பிடிக்கிறது என்று பிள்ளையையே கேட்கிற ஒரு வருடப் படிப்பு. கணக்குக்கும் மொழிக்கும் ஜெராக்ஸ்காரர் ஒரே நாளில் முடிவெடுத்துவிட்டார். அறிவியல் மட்டும் இழுத்துக்கொண்டே போயிற்று.

அவருடைய அக்கா வாரம் தவறாமல் வருகிறவள். ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். எதையும் பட்டென்று முடிக்கிற ஆள். கவுன்ட்டரில் பையை வைத்ததும் ஆரம்பித்தாள்.

"என்னடா, இன்னும் வாங்கலையா? நான் சொன்ன வீடியோ கோர்ஸ் என்ன ஆச்சு?"

"பார்த்தேன் அக்கா. அந்த ஆளு ரொம்ப சிரிக்கிறாரு."

"சிரிச்சா என்ன? உன்னை மாதிரி உம்முனு இருக்கிறவன்கிட்டயா பிள்ளை படிக்கணும்? சரி, அந்தப் பெட்டி அனுப்புவாங்களே, காந்தம், லென்ஸ் எல்லாம் போட்டு?"

"அதுல சாமான் எல்லாம் லேசா இருக்கு. ஒரு மாசத்துல ஒடஞ்சிரும்."

"புத்தகம் மட்டும் வர்றது?"

"அதுல படமே இல்ல."

அக்கா அவரை ஒரு முறை முறைத்தாள். "டேய், உனக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கறப்போகூட நீ இவ்வளவு நொட்டை சொல்லல. எதைத்தான் வாங்கப் போற?"

"'பூமியும் வானமும்'னு ஒண்ணு இருக்கு. கல்லு, மண்ணு, எரிமலை, கிரகம், நட்சத்திரம். நல்லா இருக்கு."

"உயிரியல்?"

"அதுல இல்ல."

"செடி, விலங்கு, மனுஷன் ஒண்ணும் கிடையாதா? அது எப்படிடா எல்லா அறிவியலும் ஆகும்? மனுஷங்களே இல்லாத ஊருக்கா இவளை அனுப்பப் போற?"

ஜெராக்ஸ்காரர் மெஷினின் மூடியைத் திறந்து கண்ணாடியைத் துடைத்தார். சற்று முன்தான் துடைத்திருந்தார். அக்காவுக்குக் காரணம் தெரியாது. உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவருக்கு, அவர் மனைவிக்கு, பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பு டாக்டருக்கு.

*

அவர் மனைவியை டீச்சர் என்றுதான் தெரு கூப்பிட்டது. அவரும் அப்படித்தான் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு முன்பு அவள் அவருடைய வாடிக்கையாளர். பரீட்சைக் கேள்வித்தாளைப் பிரதி எடுக்க வருவாள்; அவர் படித்துவிடக் கூடாதென்று மெஷின் பக்கத்திலேயே நின்று கையால் மறைத்துக்கொள்வாள். "ஏழாவது சயன்ஸை நான் திருடி என்னங்க டீச்சர் பண்ணப் போறேன்?" என்று ஒரு நாள் கேட்டார். "யாரு கண்டா, உங்க முகத்தைப் பார்த்தா ஏழாவதுல ஃபெயில் ஆன மாதிரிதான் இருக்கு" என்றாள் அவள். அது உண்மைதான் என்பதை அவர் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார். வாடிக்கையாளரிடம் பேசுகிற 'வாங்க, போங்க' இன்றுவரை மாறவில்லை. முதலில் அது கேலி. பிறகு அதுவே பழகிவிட்டது.

எலிக்கு ஆறு வயதாகும்போது டீச்சரின் கையிலிருந்து சாக்பீஸ் நழுவ ஆரம்பித்தது. பிறகு தோள் தானாகக் குலுங்கியது. நடந்தால் கால் பக்கவாட்டில் வீசியது. குடித்துவிட்டு வருகிறாளோ என்று தலைமை ஆசிரியைக்குச் சந்தேகம். டீச்சரின் அப்பாவைப் பற்றியும் ஊர் அதையேதான் சொல்லியிருந்தது. அவர் ஒரு சொட்டும் தொட்டதில்லை என்று டீச்சரின் அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள், யாரும் நம்பவில்லை. அவரும் தள்ளாடித் தள்ளாடியே போய்ச் சேர்ந்தார்.

நரம்பு டாக்டர்தான் உண்மையைச் சொன்னார். இது பரம்பரையாக வருகிற நோய். நடுவயதில் தலைகாட்டும். கை கால் ஆடும், பேச்சு குழறும், கடைசியில் விழுங்குவதுகூடக் கஷ்டமாகும். தணிக்கலாம், நிறுத்த முடியாது. பிறகு, பேனாவை மூடி வைத்துவிட்டு, மெதுவாக இன்னொன்றும் சொன்னார்: அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டார் ஜெராக்ஸ்காரர்.

"சின்னப் பிள்ளைக்குப் பண்ண மாட்டோம். பெரியவளானதும், அவளே தெரிஞ்சுக்கணும்னு நினைச்சா பண்ணிக்கலாம். சில பேரு கடைசி வரைக்கும் வேணாம்னுடுவாங்க."

"அப்போ அவளுக்கு யாரு சொல்றது?" இதைக் கேட்டது டீச்சர்.

டாக்டர் மூடிய பேனாவைத் திறந்து, அடுத்து வரவேண்டிய தேதியை எழுதினார்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் டீச்சர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாடத்திட்டம் போடுகிற குரலில் சொன்னாள். "ஏழாவதுல பரம்பரைப் பண்புகள்னு ஒரு பாடம் வரும். பட்டாணிச் செடி, கண்ணு நிறம் எல்லாம் சொல்லிட்டு, அதுலயே நான் இதையும் சொல்லிக்கிறேன். எனக்குச் சொல்லத் தெரியும். நீங்க நடுவுல வந்து உளறிக் கொட்டாதீங்க."

"சரிங்க டீச்சர்."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் டீச்சரின் நடையைப் போல நடந்து காட்டினார்கள். எலி முன்னாலேயே காட்டினார்கள். டீச்சர் வேலையை விட்ட அன்றே மகளையும் அங்கிருந்து நிறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தாள். நடுமேசை வகுப்பறையாயிற்று. நல்ல வகுப்பறைதான். மெழுகுவர்த்தியை டம்ளரால் மூடி அணைத்துக் காட்டுவாள். லேமினேஷன் பெட்டிக்குள் பிளாஸ்டிக் ஏன் இளகுகிறது என்று கேட்பாள். கடைக்கு வந்தவர்கள் அடுத்த காகிதம் வரும்வரை கதவோரம் நின்று பாடம் கேட்டதுண்டு.

ஆனால் நோய் ஏழாவது வரைக்கும் காத்திருக்கவில்லை. ஆறாவது முடிவதற்குள் டீச்சரின் பேச்சு உடைந்துபோயிற்று. சொற்கள் வாய்க்குள் வழுக்கின. ஒரு வாக்கியத்தைப் பாதி தூரம் தள்ளிக்கொண்டு வருவாள், பிறகு விட்டுவிடுவாள். இப்போது ஆமாம், இல்லை, தண்ணி, எலி என்பதோடு சரி. கண்ணில் மட்டும் எல்லாம் இருந்தது.

ஆக, டீச்சர் தனக்கென்று எடுத்துவைத்திருந்த பாடம் ஜெராக்ஸ்காரரின் தலையில் விழுந்தது. அவர் கண்டுபிடித்த வழி, அந்தப் பாடமே இல்லாத ஒரு கோர்ஸை வாங்கிவிடுவது. எலி இன்னும் கொஞ்ச காலம், எவ்வளவு முடியுமோ அவ்வளவு காலம், ஒன்றும் தெரியாத பிள்ளையாகவே இருக்கட்டும். அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

*

அக்கா சொன்ன மூன்று கோர்ஸ்களும் மாதிரிப் பாடங்களை இணையத்தில் திறந்து வைத்திருந்தன. ஜெராக்ஸ்காரருக்குத் திரையில் படித்தால் மண்டையில் ஏறாது, காகிதம் வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் பரம்பரைப் பாடத்தை மட்டும் அச்செடுத்தார். கவுன்ட்டருக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரத்தில் புரட்டினார். அவர் தேடியது ஒரே ஒரு சொல்லை: நோய். வீடியோ கோர்ஸில் அது ஒரு முறை வந்தது. பெட்டி கோர்ஸில் சீட்டு விளையாட்டாக வந்தது. தோற்றவருக்கு நோய்ச் சீட்டு. அதைப் பார்த்ததும் அவர் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார். புத்தகக் கோர்ஸில் ஒரு முழுப் பக்கம், குடும்ப மரம் போட்டு, பாதி கறுத்த வட்டங்களோடு. மூன்றும் வேண்டாம். பூமியும் வானமும் போதும்.

அதற்கடுத்த நாள் ஏதோ வேலைக்கான விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி. கடை திறப்பதற்கு முன்பே தெருவில் வரிசை நின்றது. சான்றிதழைக் கொண்டுவந்தவர்கள், போட்டோவை மறந்துவந்தவர்கள், மறந்ததை எடுக்கப் போய்த் திரும்பி வந்து வரிசையில் பழைய இடத்தைக் கேட்டுச் சண்டை பிடித்தவர்கள்.

"அண்ணே, எனக்கு ஒரே ஒரு பேப்பர்தான், முதல்ல போட்டுக் குடுத்துடுங்க."

"இங்க நிக்கிறவங்க எல்லாம் என்ன, புத்தகமா போட வந்திருக்கோம்?"

"ஜெராக்ஸ்காரரே, இதுல என் மூஞ்சி கறுப்பா வந்திருக்கு."

"மெஷின் பொய் சொல்லாதுங்க. அடுத்து யாரு?"

மதியத்துக்குள் ஒரு மெஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது. கவுன்ட்டரில் இடமே இல்லை. கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளி, வீணான தாள்கள் போடுகிற பெட்டியில் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தார். கவுன்ட்டருக்கு அடியில் இருந்ததும் அதோடு போயிற்று.

அந்தப் பெட்டியை அவர்கள் வீட்டில் ரஃப் பெட்டி என்பார்கள். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற தாளை இந்தத் தொழிலில் யாரும் எறிவதில்லை. எலி கணக்குப் போடுவதெல்லாம் அதில் எடுத்த தாள்களின் பின்பக்கத்தில்தான். முன்பக்கத்தில் யாருடைய பிறந்த தேதியோ, யாருடைய வீட்டு வரைபடமோ இருக்கும். அப்பா இதை மறந்துபோனார். மறக்கக்கூடியவர் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். அவ்வளவு காலமாக நிரப்பி நிரப்பி, அந்தப் பெட்டி அவர் கண்ணிலேயே படாமல் போயிருந்தது.

*

சில நாள் கழித்து எலி கடைக்குள் வந்து எதிரே நின்றாள்.

"அப்பா, நாக்கை நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டு, சொல்றேன். ரெண்டு ஓரத்தையும் மேல மடி. குழாய் மாதிரி."

குழாய் ரிப்பேர்காரர் ஒருவர் தன் அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்து நின்றிருந்தார். "குழாய் வேலைன்னா என்னைல்ல கூப்பிடணும்" என்றார் அவர்.

ஜெராக்ஸ்காரர் நாக்கை நீட்டி முயன்று பார்த்தார். மூக்குத்தான் சுருங்கியது. ரிப்பேர்காரரும் முயன்றார், அவருக்கு வந்துவிட்டது, பெருமையாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். எலி தன் நாக்கை நீட்டினாள். அழகாகச் சுருண்டு நின்றது.

"உனக்கு வராதா அப்பா? நிஜமாவே?"

"எனக்கு எதுதான் வந்துச்சு" என்று சிரித்துவிட்டு அவர் அட்டையைக் கண்ணாடிமேல் கவிழ்த்தார். எலி சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அன்று முதல் அவளிடம் ஒரு மாற்றம். சொல்லாமலே பாத்திரம் கழுவினாள். பென்சிலைக் கடிக்கவில்லை. "நான் இன்னொரு டம்ளர் பால் எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள், முன்பெல்லாம் கேட்டதே இல்லை, எடுத்துக் குடித்துவிட்டுத்தான் சொல்லுவாள். அம்மாவுக்கு மசித்த சாப்பாட்டைக் கரண்டியில் ஊட்டும்போது ஓரமாக, இடத்தை அடைக்காமல் உட்கார்ந்தாள். மேசையில் புத்தகங்களை ஒரே அடுக்காக அடுக்கி வைத்தாள். வீட்டில் அவள் சத்தமே கேட்கவில்லை.

அக்கா வந்தபோது மூக்கின்மேல் விரல் வைத்தாள். "பொறுப்பு வந்துடுச்சுடா இவளுக்கு. பொம்பளைப் பிள்ளை இல்லையா."

ஜெராக்ஸ்காரருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. விருந்தாளியாக ஒரு வீட்டில் தங்குகிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சாப்பாட்டு வேளை முடிந்து தெரு ஓய்ந்து கிடந்த ஒரு மதியம் அவள் கடைக்கு வந்தாள். கையில் சில தாள்கள். கவுன்ட்டரின் வெளிப்பக்கத்தில், வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில், போய் நின்றுகொண்டாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"நான் உங்களுக்குப் பொறந்த பொண்ணா?"

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. அவள் தாள்களைக் கவுன்ட்டரில் வைத்துத் திருப்பினாள். பின்பக்கம் அவளுடைய பின்னக் கணக்குகள். முன்பக்கம் வீடியோ கோர்ஸின் பாடம். கோட்டுப் போட்டுச் சிரிக்கிற அந்த ஆள் ஒரு மூலையில் கையை விரித்து நின்றான். நடுவில் ஓர் அட்டவணை: உங்கள் வீட்டாரைப் பாருங்கள், நிரப்புங்கள். காது மடல், கன்னக்குழி, நாக்குச் சுருட்டல். அப்பா, அம்மா, நான் என்று மூன்று கட்டம். நாக்குக்கு நேரே அப்பா: முடியாது. அம்மா: முடியாது. நான்: முடியும். அதற்குக் கீழே அச்சில் ஒரு வரி. இருவருக்கும் முடியாவிட்டால் பிள்ளைக்கும் முடியாது.

"மூணு கோர்ஸ்லயும் இந்தப் பாடத்தை மட்டும் எடுத்து வெச்சிருந்த" என்றாள் எலி. பேசுவதைப் பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள் என்று தெரிந்தது. "அத்தைகிட்டயும் உயிரியலே இல்லாததைத்தான் வாங்கப் போறேன்னு சொன்ன. இதைப் படிச்சா நான் கண்டுபிடிச்சிருவேன்னுதானே? பரவாயில்லப்பா. நான் இங்கயே இருந்துக்கலாம் இல்ல?"

ஜெராக்ஸ்காரர் வாயைத் திறந்தார். இல்லை, அசடு, நீ எங்கள் பிள்ளைதான் என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அங்கேயே நின்றது.

ஆமாம் என்று சொன்னால்?

எங்கிருந்தோ எடுத்து வளர்த்தோம் என்று சொன்னால், இந்த வீட்டு நோய் தன்னைத் தொடாது என்று அவள் இருந்துவிடுவாள். தொடும் என்று அவள் ஒரு நாளும் பயப்பட மாட்டாள். இரண்டு நாள் அழுவாள், பிறகு தேறிவிடுவாள், பிள்ளைகள் தேறிவிடுவார்கள். டாக்டர் சொன்ன அந்தப் பாதி இந்தக் கவுன்ட்டரோடு நின்றுபோகும். அவளே கேட்கிறாள், அவளே கொண்டுவந்து நீட்டுகிறாள். தலையை ஆட்டினால் போதும். தன் வாழ்க்கையில் யாரும் அவருக்கு இவ்வளவு பெரிய ஒன்றை இவ்வளவு சுலபமாகத் தந்ததில்லை. நிஜமாகவே அப்படி இருந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தார். தன் மகள் தன் மகளாக இல்லாமல் போகட்டும் என்று ஒரு தகப்பன் வேண்டிக்கொண்டால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் பேசாமல் நின்றதை எலி பதிலாக எடுத்துக்கொண்டாள். தாள்களை ஒன்றாகச் சேர்த்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தாள். கடையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் செய்கிற மாதிரி. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாள்மேல் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாள் நனையக் கூடாது என்பது அவர் கற்றுக்கொடுத்தது.

"எலி, இங்க வா."

"இல்ல, பரவாயில்ல."

"உள்ள வாடா." கவுன்ட்டரின் சின்னக் கதவைத் தூக்கினார். "உங்கம்மா வயித்துல நீ இருந்தப்போ அவ இந்த ஸ்டூல்ல உக்காந்து விடைத்தாள் திருத்துவா. நீ உதைச்சா பேப்பர் ஆடும். மார்க்கு குறைஞ்ச பசங்களுக்கு எல்லாம் நீதான் காரணம்னு சொல்லுவா. நீ எங்க பிள்ளைதான். ஆஸ்பத்திரியில உன்னை முதல்ல கையில வாங்கினது நான்தான்."

"அப்போ நாக்கு?"

"உங்கம்மா சுருட்டுவா. உன்னைவிட நல்லா. சிரிக்காத பசங்களைச் சிரிக்க வைக்க வகுப்புல அதைத்தான் பண்ணுவா."

எலி அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை அவர் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஒரு வாரமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டவளைப் போல, அழுகையும் சிரிப்புமாக அவர் சட்டையில் முகத்தைப் புதைத்தாள். "லூசு அப்பா" என்றாள் சட்டைக்குள்ளிருந்து. "சொல்றதுக்கு எவ்வளவு நேரம். நான் என்ன என்னமோ நினைச்சிட்டேன். போ." பிறகு தலையை நிமிர்த்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். "அப்போ அன்னைக்கு ஏன் அம்மாவுக்கு வரல? நீட்டுனாங்க. உடனே உள்ள போயிடுச்சு. ரெண்டு மூணு தடவை பாத்தேன்."

அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். உடம்பு சரியில்லை அல்லவா, அதனால்தான் என்று முடித்திருக்கலாம். முடித்தால் அவள் உள்ளே ஓடிப்போய் அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்வாள்; அந்த மதியம் நல்லபடியாகப் போகும். ஆனால் கவுன்ட்டரில் மற்ற தாள்களும் கிடந்தன. பெட்டி கோர்ஸின் சீட்டுகள். பாதி கறுத்த வட்டங்கள். அவள் எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். தப்பான இடத்தில் கூட்டிவிட்டாள், அவ்வளவுதான். நாளைக்கோ மறுநாளோ சரியாகக் கூட்டுவாள், தனியாக.

கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டீச்சராக இருந்தால் பட்டாணிச் செடியிலிருந்து ஆரம்பித்திருப்பாள். அவருக்கு அதெல்லாம் தெரியாது. நாக்கு உள்ளே போனதிலிருந்து ஆரம்பித்தார். நோய் நாக்கைக்கூட ஓர் இடத்தில் நிற்கவிடாது என்றார். தாத்தா குடிகாரர் இல்லை என்றார். டாக்டர் சொன்னதைச் சொன்னார். நடுவில் இரண்டு முறை உளறினார். ஒரு முறை சொன்னதையே திரும்பச் சொன்னார்.

"பாதியா?" என்றாள் கடைசியில்.

"பாதி. வராமலும் போகலாம். அதுவும் பாதி."

"அம்மாவுக்குத் தெரியுமா? எனக்கு வரலாம்னு?"

"தெரியும். அவதான் உனக்குச் சொல்றதா இருந்தா."

எலி உள்கதவைப் பார்த்தாள். "அதனாலதான் நான் எழுதும்போது அம்மா என் கையையே பாத்துட்டு இருப்பாங்களா?"

அவர் தலையாட்டினார்.

"நீயும் பாப்ப."

பாதி ஷட்டருக்குக் கீழே யாரோ குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, கடை இல்லையென்று போனார்கள். வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்து நகர்ந்தது.

அவள் புத்தகக் கோர்ஸின் தாள்களைத் தனியாகப் பிரித்தெடுத்தாள். "இதை வாங்குப்பா."

"அதுலதான் நிறைய..." என்று இழுத்தார். "எரிமலை, நட்சத்திரம் எல்லாம் இருக்கே, அது நல்லா..."

"வீடியோல நாக்கைப் பத்தித் தப்பா போட்டிருக்கு. இதுல சரியா இருக்கு, பாரு." விரலை வைத்துக் காட்டினாள். நாக்கு விஷயம் அவ்வளவு எளிதானதல்ல, பழைய பாடங்கள் சொல்வது போல ஒரே காரணத்தால் வருவதல்ல, முழுக் காரணம் இன்னும் தெரியவில்லை என்று இருந்தது. "முதல்லயே பாத்தேன். ஆனா நம்பல. எனக்குப் பயமா இருந்ததால அந்தச் சிரிக்கிற ஆளு சொன்னதைத்தான் நம்பினேன். இது தெரியலன்னா தெரியலன்னு சொல்லுது."

"அந்தப் பாடம் வரும்போது..."

"நான் தனியாப் படிச்சுக்கிறேன். நீ பக்கத்துல உக்காராத."

"சரி."

"அம்மாகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்."

"சரிடா."

உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வந்தது. கூப்பிட்டாளா முனகினாளா என்று தெரியவில்லை. எலி எழுந்து போனாள். அவரும் பின்னால் போனார். அவள் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் மேசையில் சிந்தியது. எல்லோரும்தான் சிந்துகிறார்கள். அவர் பார்த்தார். கட்டிலில் டீச்சரின் தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. கண் மட்டும் அசையாமல் டம்ளரின்மேல் நின்றது. எலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டம்ளரை மற்ற கைக்கு மாற்றினாள், பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பாக்காதப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அவர் கடைக்குத் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினார். வெளியே ஒருவர் நின்றிருந்தார், கையில் ஒற்றைத் தாளோடு. அதை வாங்கிக் கண்ணாடிமேல் கவிழ்த்து, பட்டனை அழுத்தப் போனவர், எத்தனை காப்பி என்று கேட்க மறந்து அப்படியே நின்றார்.